கடலோரம் நடந்து பாருங்கள்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம்: "இந்த ஆண்டு எங்கே போவது?" விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும். கொடைக்கானல், உதகை, ஏற்காடு. அதற்கு வசதி இல்லாத குடும்பங்கள் பிள்ளைகளைச் சமாதானம் செய்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும். புதுவையில் வாழும் நமக்கோ, வாசற்படியிலேயே கடல் இருக்கிறது. மாலையில் காற்று வாங்கக் கடற்கரைச் சாலைக்குப் போகாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால், கரையைப் பற்றிக்கொண்டு ஊர் ஊராக, ஒரு பகற்பொழுது முழுவதும் நடந்து பார்த்தவர் எத்தனை பேர்?

நம் ஆண்டவர் தம் பணியின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே செய்து முடித்தார் என்பதை நாம் அறிவோம். முதற்சீடர்களை அவர் கண்டதும், கலிலேயக் கடலோரமாக நடந்து சென்றபோதுதான். வலை வீசிக்கொண்டிருந்தவர்களையும், படகில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் அவர் கண்டார். விரைந்து செல்லும் வாகனத்திலிருந்து அப்படி ஒருவரைக் காண முடியாது. நடப்பவனுக்கே மனிதர்கள் கண்ணில் படுவார்கள்.

பிற நாடுகளில் கடலோர நடை ஒரு பெரும் வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. செங்குத்தான பாறைகளின் விளிம்பில், ஒருபுறம் கடலும் மறுபுறம் பழங்கோட்டைகளின் இடிபாடுகளுமாக அது செல்லும். அது உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று. கள்ளக் கடத்தல்காரரைத் தேடிக் கடற்காவலர்கள் நாள்தோறும் ரோந்து நடந்த பாதையே, இன்று குடும்பங்கள் நடக்கும் பாதையாகியிருக்கிறது.

"நமக்கு அத்தகைய பாறைகள் இல்லையே" என்று சிலர் கூறலாம். உண்மைதான். கடலையொட்டிச் செங்குத்தாக எழும் நிலத்தைக் காண விரும்புவோர் கேரளத்தின் வர்க்கலைக்குச் செல்ல வேண்டும். அல்லது கோணேசர் கோயில் அமைந்த திருகோணமலைப் பாறைக்குச் செல்ல வேண்டும். நம்முடைய கரை ஆறுகள் கொணர்ந்த வண்டலாலும், அலைகள் ஒதுக்கிய மணலாலும் ஆனது. ஆயினும், நம் கரையில் நடப்பவர் இரண்டு மேடுகளைக் காண்பார். ஒன்று, நகருக்குத் தெற்கே, ஆறு அரித்து அரித்து வெளிப்படுத்திய பழைய மண்மேடு. மற்றொன்று, நகரிலிருந்து வடக்கே, மனிதர் கொட்டிக் குவித்த கருங்கல் மேடு. முன்னது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. பின்னது நம் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருப்பது. இரண்டுமே நமக்குச் சொல்லும் செய்தி உண்டு.

தெற்கு நோக்கி

விடியற்காலையில் காந்தியார் சிலை அருகே நடையைத் தொடங்கலாம். சிலையைச் சூழ்ந்து நிற்கும் வேலைப்பாடு மிக்க கற்றூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். அருகிலேயே 1836ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். சற்றுத் தெற்கே, 1855இல் கட்டப்பட்ட தூய தேவதூதர்களின் அன்னை ஆலயம். நம் மக்கள் அதனைக் 'கப்ஸ் கோயில்' என்றே அழைப்பார்கள். கப்புச்சின் துறவியரின் நினைவு அப்பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலைத் திருப்பலி கண்டு, அங்கிருந்து புறப்படுவது பொருத்தமாக இருக்கும்.

கரையோரமாகவே தொடர்ந்து தெற்கே செல்ல இயலாது. துறைமுகமும் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரமும் வழியை மறிக்கும். ஆகவே கடலூர்ச் சாலையைப் பிடித்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அரியாங்குப்பத்தை அடைய வேண்டும். ஆரோக்கிய அன்னையின் ஆலயத்தால் நம் மக்கள் நன்கறிந்த ஊர் அது. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட வந்தபோது, முதலில் எதிர்ப்பட்டது அரியாங்குப்பத்துக் கோட்டைதான். இன்று அக்கோட்டையை நினைப்பாரில்லை. அங்கிருந்து கிழக்கே திரும்பி, காக்காயன்தோப்பு வழியாகச் சென்றால், மாமரமும் தென்னையும் அடர்ந்த ஆற்றங்கரையை அடைவோம். அதுவே அரிக்கமேடு. நகரிலிருந்து சாலை வழியே ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்.

முதன்முறை செல்வோர் ஏமாற்றமடைவதும் உண்டு. கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை, அகழ்ந்து பார்த்த குழிகளும் மீண்டும் மூடப்பட்டுவிட்டன. தோப்பு, ஆறு, சரிந்த கரை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சரிந்த கரையில்தான் செய்தி இருக்கிறது. ஆற்று நீர் அரித்துச் செல்லும் மேடு என்பதாலேயே இப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. அருகன் மேடு என்பதே மருவிற்று என்பாரும் உண்டு. எப்படியாயினும், மழைக்குப் பின் அந்தக் கரையில் செங்கற் துண்டுகளும் பானை ஓடுகளும் தலைகாட்டுவது பல தலைமுறையாக ஊரார் கண்ட காட்சி.

இவ்விடத்தைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர், லெ ழான்தீய் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர். சூரியனை வெள்ளிக்கோள் கடந்து செல்லும் அரிய காட்சியைப் புதுவையிலிருந்து காண அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்த நாளும் வந்தது; ஆனால், அந்த வேளை பார்த்து மேகம் சூரியனை மூடிவிட்டது. பதினோர் ஆண்டு அலைந்து வீடு திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்! வானத்தைப் பார்க்க வந்து ஏமாந்த அவரே, வீராம்பட்டினத்து மண்ணில் பழைய சுவர்களும் பெரிய செங்கற்களும் இருப்பதைக் குறித்துவைத்தார்.

அதன் பின்னும் நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. 1937இல் ழூவோ-துப்ரேய் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிவைத்திருந்த மணிகளை விலைக்கு வாங்கினார். அவருக்குக் கிடைத்த பொருள்களுள், மனிதத் தலையொன்று செதுக்கப்பெற்ற சிறு மணிக்கல்லும் இருந்தது. அது உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் உருவமே என்பது அவர் முடிவு. பிறகு 1945இல், இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் முறையான அகழாய்வை நடத்தினார். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அவர்கள் கண்டவை யாவை? திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் கொண்டுவரப்பட்ட, இரு கைப்பிடியுள்ள உயர்ந்த சாடிகளின் துண்டுகள். இத்தாலி நாட்டு அரெட்சோ நகரின் பெயரால் வழங்கும் செந்நிற மண்கலங்களின் துண்டுகள். தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகள். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள கிடங்கு போன்ற கட்டடம். துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டன என்று கருதப்பட்ட தொட்டிகள். கண்ணாடி மணிகளும் பல வண்ணக் கல்மணிகளும் செய்த பட்டறைகளின் அடையாளங்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, சிறு மணிகளாக்கும் தொழில் இங்கே நடந்தது. அம்மணிகள் கீழைக் கடல் கடந்து தென்கிழக்காசியாவுக்கும் சென்றன. அதே வகைத் தொழிலை அண்மைக் காலம்வரை ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் காண முடிந்தது.

அந்தச் செந்நிறக் கலத்துண்டுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இத்தாலியில் அவை எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டன என்பது திட்டமாகத் தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. அதுவரை காலம் அறியாது திகைத்துநின்ற தென்னிந்தியத் தொல்லியலுக்கு, அரிக்கமேடு ஒரு நாட்காட்டியாயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' என்னும் துறை இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. உரோமர் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதையும், அவர்கள் போன பின்னும் ஊர் நிலைத்தது என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. யவனர் வந்து உண்டாக்கிய ஊரன்று அது. யவனர் தேடி வந்த ஊர்.

பெற்றோர் தம் பிள்ளைகளை அந்த ஆற்றங்கரையில் நிறுத்தி ஒன்றைச் சொல்லலாம். மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டவராக லூக்கா நற்செய்தியில் நாம் கிறிஸ்து பிறப்பு விழாதோறும் கேட்கும் பெயர் அகுஸ்து. அவர் காலத்துப் பொருள்கள் நம் காலடி மண்ணில் கிடைத்தன. இயேசு பெருமான் கலிலேயாவில் நடந்த அதே நாள்களில், இங்கே நம் முன்னோர் மணி கோத்துக்கொண்டும், கப்பல் சரக்கை எண்ணிக்கொண்டும் இருந்தனர். மறைக்கல்வி வகுப்பில் தொலைதூரக் கதையாகக் கேட்ட ஒரு காலம், அங்கே கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிடும்.

தோப்புக்குள் ஒரு குருமடம்

அரிக்கமேட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டடம், மரவேர்கள் பின்னிய சில செங்கற் சுவர்கள். அவை உரோமர் காலத்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் மறைபரப்புப் பணியாளர் எழுப்பிய இல்லத்தின் எஞ்சிய பகுதி. சயாம், கொச்சின்சீனா முதலிய கீழை நாட்டு இளைஞரைக் குருக்களாக்க நடத்தப்பட்ட குருமடம், போராலும் கொள்ளையாலும் நிலைகுலைந்தது. அதன் தலைவராயிருந்த பினியோ தெ பெயேன், எஞ்சிய மாணவரை அழைத்துக்கொண்டு மலாக்கா வழியாகப் புதுவைக்கு வந்து, 1770இல் இந்த வீராம்பட்டினத்துப் பகுதியில் அடைக்கலம் புகுந்தார். வியத்நாமிய மொழிக்கும் இலத்தீனுக்குமான கையெழுத்து அகராதி ஒன்றை அவர் புதுவையில் வாழ்ந்த நாள்களில் தொகுத்தார். 1774இல் சென்னையில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் குருமடம் மூடப்பட்டது. பின்னர் 1808இல் அது பினாங்குத் தீவில் மீண்டும் தழைத்தது.

நாடிழந்த மாணவர்கள், தமக்குத் தெரியாத மொழி பேசும் மக்களிடையே, இந்தத் தோப்பில் அமர்ந்து வேதம் கற்றனர். அவர்களுக்கு இடம் தந்தது நம் கரை. இதை நம் பங்குகளில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்?

அங்கிருந்து கடல்நோக்கி நடந்தால் வீராம்பட்டினம். செங்கழுநீரம்மன் கோயில் ஆடித் தேருக்குப் பெயர்பெற்ற மீனவர் ஊர். பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதில் தொடர்கிறது. அகன்ற மணற்கரை, வரிசையாகப் படகுகள். அந்த மணலை நன்றாகப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகையில் அது தேவைப்படும்.

வடக்கு நோக்கி

மற்றொரு நாள், காந்தியார் சிலையிலிருந்து வடக்கே நடக்கலாம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்; அதன்பின் தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். இவ்வழியில் நெடுந்தொலைவுக்கு நீங்கள் காண்பது மணலையன்று, கருங்கல்லை. வீராம்பட்டினத்தில் அவ்வளவு மணல்; இங்கே ஏன் இல்லை?

நம் கரையோரமாக மணல் ஓர் ஆற்றைப்போல் ஓடுகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால், ஆண்டுதோறும் பல இலட்சம் கனமீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கிற்று. வடக்கே வரவேண்டிய மணல் வராததால், கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. நம் நகரத்துக் கடற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டப்பட்டது. கல் நகரைக் காத்தது. ஆனால் அலையின் பசியை ஆற்றவில்லை. கல் முடிந்த இடத்துக்கு அடுத்த ஊரைக் கடல் அரித்தது. அங்கும் கல் கொட்டினார்கள். அதற்கு அடுத்த ஊர் அரிந்தது. இவ்வாறே கல்வரிசை வடக்கே நீண்டுகொண்டு போகிறது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, 2017–18இல் எஃகினாலான ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்று கடலடியில் இறக்கப்பட்டது. அதன் பின் ஓரளவு மணல் திரும்பி வந்து, நம் பிள்ளைகள் மீண்டும் மணலில் விளையாடுவதைக் கண்டோம். மகிழ்ச்சிதான். ஆனால் வடக்கே உள்ள குப்பங்களின் நிலை வேறு. படகு இழுத்து வைக்க மணல் இல்லை. வலை உலர்த்த இடமில்லை. கரைவலை இழுக்க வழியில்லை. முன்பு கடலுக்கும் வீட்டுக்கும் இடையே மணல்வெளி இருந்த இடங்களில், இப்போது அலை கல்லில் மோதும் ஓசையோடு மக்கள் உறங்குகிறார்கள்.

அன்பு வாசகர்களே, அயலான் யார் என்னும் பழைய கேள்விக்கு இக்கரையில் ஒரு புதிய விடை கிடைக்கிறது. அயலான் என்பவன், என் வீட்டுக்கு நேர்ந்ததை அடுத்துத் தாங்கப் போகிறவன். என் தெருவைக் காக்க நான் கேட்கும் கல், அவன் தெருவுக்குக் கடலை அனுப்புகிறது. இடையிலே மாநில எல்லை ஒன்று உண்டு. மணலுக்கு அந்த எல்லை தெரியாது. கல்லே வேண்டாம் என்று இங்கிருந்து சொல்லிவிடுவது எளிது. கதவருகே அலை வந்து நிற்கும் வீட்டாரிடம் அதைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனால் தேங்கிய மணலை முறையாக அள்ளி வடக்கே சேர்ப்பது போன்ற வழிகளும் உண்டு. நம் ஊர்ப் பிரதிநிதிகளிடம் கடற்கரை பற்றிப் பேச நேரும்போது, நமது வார்டுக்கு மட்டும் பேசாமல், வடக்கே உள்ள ஊர்களுக்கும் சேர்த்துப் பேசுவது நம் கடமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடல், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரிக்காமல் பார்க்கக் கற்றுத் தந்தது. அதனை நூலில் படிப்பதோடு, தந்திராயன்குப்பத்துக் கற்களின்மேல் நின்றும் படிக்கலாம்.

நடப்போர் கவனத்திற்கு

மார்கழி, தை, மாசி மாதங்களே நடைக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும்போது கரைப்பக்கமே செல்லலாகாது. விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழல் சேர்வது நல்லது. குடிநீர், தொப்பி அல்லது குடை, பழகிய காலணி ஆகியவை போதும். கருங்கற்களின்மேல் ஏறி நடக்க வேண்டாம். பாசி வழுக்கும், கற்கள் அசையும். கடலில் இறங்கிக் குளிப்பது அறவே கூடாது. தடுப்புகள் உள்ள இடங்களில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். 2004 டிசம்பர் 26ஆம் நாளைக் கண்ட நமக்கு, கடலின் வலிமையை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

மீனவர் ஊர்களில் நுழையும்போது ஒரு வீட்டுக்குள் நுழைவதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வலையை மிதிக்காதீர்கள், கேளாமல் படம் எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது படகையும் வலையையும் செப்பனிடும் பெரியவர்களிடம் பணிவோடு கேட்டால், கடல் முன்பு எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டுவார்கள்.

அரிக்கமேட்டில் ஒரு மணியையோ ஓட்டையோ கூட எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். சட்டம் ஒருபுறமிருக்க, மண்ணடுக்கிலிருந்து பிடுங்கிய மணி பேசும் திறனை இழந்துவிடும். எங்கே, எதனோடு கிடந்தது என்பதே அதன் மொழி. பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டால், புதுவை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. நடையை முடித்துக்கொண்டு மாலையில் அங்கே அழைத்துச் செல்லலாம்.

கால் வலுத்தவர்கள் இன்னும் தூரம் போகலாம். வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், 1750இல் துய்ப்ளேக்குக் கிடைத்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட ஆலம்பரைக் கோட்டை. தெற்கே தரங்கம்பாடி, அங்கே டேனியர் 1620இல் கட்டிய கோட்டையும், 1306இல் எழுந்து பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட மாசிலாமணி நாதர் கோயிலும் அருகருகே நிற்கின்றன. ஆகஸ்டு இறுதியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்லும் நம் மக்கள் ஆண்டுதோறும் இந்த வழியேதான் போகிறார்கள். இரவில் நெடுஞ்சாலையில் வாகனங்களுக்கு அஞ்சி விரைவதைவிட, ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பகலில், ஊர்களைப் பார்த்தபடி நடப்பது உயிருக்கும் நல்லது, உள்ளத்துக்கும் நல்லது.

பங்கு இளையோர் மன்றங்களும் அன்பியங்களும் வரும் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தெற்கே அரிக்கமேட்டுக்கும், மற்றொரு சனிக்கிழமையை வடக்கே குப்பங்களுக்கும் ஒதுக்கலாம். செலவு, திரும்பி வரும் பேருந்துக் கட்டணம் மட்டுமே. பெரியவர் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சிறுவயதில் மணல் எதுவரை இருந்தது என்பதைப் பிள்ளைகள் அவர் வாயால் கேட்கட்டும். இன்று கேட்டுவைத்தால்தான், நாளை அக்கரைக்காகப் பேச அவர்களுக்கு வாய் வரும்.